போட் கீயில் தொங்கான் ஏன் இல்லை?

சிங்கப்பூர் ஆற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஆறு நாறிக் கிடந்தது, 1977இல் லீ குவான் யூ சுத்தம் செய்யச் சொன்னார், பத்து வருடத்தில் சுத்தமானது, போட் கீ என்ற தென்கரைத் துறையிலிருந்து தொங்கான் எனப்படும் சரக்குப் படகுகள் போய்விட்டன. நான்கும் நடந்தவைதான். ஆனால் முதல் மூன்றால்தான் நான்காவது வந்தது என்று நினைப்பதில்தான் பிழை. தொங்கான் தொழிலின் கணக்கு 1972 ஜூன் 23 அன்றே முடிந்துவிட்டது. அன்றைக்கு தஞ்சோங் பகார் முனையத்தில் 'நிஹோன்' என்ற கப்பல் 300 கன்டெய்னர்களோடு வந்து நின்றது. ஆற்றைச் சுத்தம் செய்யும் பேச்சு வருவதற்கு நாலரை வருடத்துக்கும் மேல் இருந்தது.

இது புரிய வேண்டுமென்றால் ஒரு மூட்டை அரிசி எப்படிக் கரை சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். பெரிய கப்பலுக்கு ஆற்றில் ஆழம் கிடையாது. அது வெளியே, நங்கூரத் துறையில் நிற்கும். தொங்கான் அதன் பக்கவாட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். கப்பலின் கொக்கி மூட்டைகளைக் கட்டுக்கட்டாகப் படகில் இறக்கும், இறங்க இறங்க ஒருவர் எண்ணிக் குறித்துக்கொள்வார். படகு நிறைந்ததும் மேலே கூரையோ தார்ப்பாயோ மூடி ஆற்றுக்குள் வரும். கரையில் படகுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஒரு பலகை. ஒரு ஆள் அகலம்தான் இருக்கும். கூலியாட்கள் மூட்டையைத் தோளில் வாங்கி அந்தப் பலகை மேல் நடந்து, தெருவைக் கடந்து, கிடங்கில் அடுக்குவார்கள். அன்றைய எடை அளவான ஒரு பிக்கல் என்பது 60.48 கிலோ. முழு அரிசி மூட்டை அதைவிடக் கனம். கிடங்கில் எடை போட்டு, தரம் பிரித்து, பழைய சாக்கை மாற்றி, அதே சரக்கை வேறொரு துறைமுகத்துக்கு விற்றால் மறுபடி தோள், மறுபடி பலகை, மறுபடி தொங்கான், மறுபடி கொக்கி. வந்த சரக்கு அப்படியே திரும்பிப் போவதற்குள் எட்டுப் பத்துக் கை மாறிவிடும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் நனையும், கொஞ்சம் காணாமல் போகும். கொக்கி பட்டுச் சாக்கு கிழிவது தனி நஷ்டம்.

கன்டெய்னர் வந்ததும் இந்த எட்டுப் பத்தும் இரண்டாகிவிட்டது. அனுப்புகிறவர் கிடங்கில் பூட்டுகிறார், வாங்குகிறவர் கிடங்கில் திறக்கிறார். நடுவில் யாரும் மூட்டையைத் தொடுவதே இல்லை. 50 கிலோ மூட்டையாக வைத்தால் 20 அடிப் பெட்டி ஒன்றில் சுமார் 400 மூட்டை போகும். அதைத் தூக்கத் தோள் உதவாது, பலகையும் உதவாது. கப்பல் நேராகக் கரையை ஒட்டி நிற்கிறபோது நடுவில் ஒரு படகு எதற்கு?

சரி, இவ்வளவு சிரமமான இடத்தில் வியாபாரம் முதலில் எப்படி வளர்ந்தது? தென்கரை முழுக்கச் சதுப்பு. 1819இல் வந்த ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் 1822இல் வடகரையை அரசாங்கத்துக்கு ஒதுக்கிவிட்டு வியாபாரிகளைத் தென்கரைக்கு அனுப்பினார். அங்கிருந்த ஒரு குன்றை வெட்டி, அந்த மண்ணைப் போட்டுச் சதுப்பைத் தூர்த்தார்கள். குன்று இருந்த இடம் கமர்ஷியல் ஸ்கொயர் ஆனது. 1858இல் அதன் பெயர் ராஃபிள்ஸ் பிளேஸ். போட் கீயின் கரைச்சுவர் 1842இல் முடிந்தது. 1860களில் ஊரின் கப்பல் வியாபாரத்தில் நான்கில் மூன்று பங்கு இந்த ஒரு வளைவில் நடந்தது. அந்த வளைவு கெண்டை மீனின் வயிறு மாதிரி இருப்பதால் அங்கே கடை வைத்தால் செல்வம் சேரும் என்பது சீனர்களின் நம்பிக்கை. நம்பிக்கைக்கு மேல் இரண்டு காரணங்கள் இருந்தன. சுங்கவரி இல்லாத துறைமுகம், அலை அடிக்காத தண்ணீர்.

மூன்றாவது காரணம் கடன். இதைப் பற்றி நம்மவர்களே போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் குறை. ஆரம்ப காலத்தில் படகு ஓட்டியவர்களில் பலர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஹொக்கியன், தியோச்சூ சீனப் படகுக்காரர்கள் அந்த இடத்தைப் பிடித்தார்கள். சூலியா ஸ்ட்ரீட்டின் பழைய பெயர் கிளிங் ஸ்ட்ரீட். 1921இல் மாற்றினார்கள். அதற்குப் பக்கத்தில்தான் மார்க்கெட் ஸ்ட்ரீட், தமிழர் வாயில் செட்டித் தெரு. அங்கே நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான ஒற்றைக் கூடம், சுவரோரம் வரிசையாக ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது ஒவ்வொரு வட்டிக்கடை நிறுவனத்துக்கும், ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, பேரேடு. பகலில் அலுவலகம், இரவில் படுக்கை, சமையல் பொதுவில். ஊரிலிருந்து ஆட்கள் மூன்று வருடக் கணக்குக்கு வருவார்கள், கணக்கு முடிந்ததும் அடுத்த ஆள். வெள்ளைக்கார வங்கி நேரடியாக நம்பாத சின்ன வியாபாரிக்கு இவர்கள் கொடுத்தார்கள். வங்கியிடம் வாங்கி இவர்களே கொடுத்ததும் உண்டு. கடன் வாங்கியவர்களில் அபின் வியாபாரிகளும் இருந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. போட் கீயில் மூட்டை நகர்ந்ததற்குக் கொஞ்சம் தள்ளி இந்தப் பெட்டிகளில் பணம் நகர்ந்ததும் ஒரு காரணம்.

இனி, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் நியூ ஹார்பருக்கு (இன்றைய கெப்பல் துறைமுகம்) போய் ஆற்றைக் கைவிட்டன என்று எழுதுகிறார்கள். பாதி சரி. பெரிய கப்பல்களின் கரை அங்கே போனது நிஜம். ஆனால் மொத்தச் சரக்கு பெருகியதால் நங்கூரத் துறையில் நின்ற கப்பல்களும் பெருகின, தொங்கான்களுக்கு வேலை கூடியது. ஆறு அதற்குப் பிறகும் நூறு வருடம் ஓடியது. அதைத் தொந்தரவு செய்தது பாலம். அதே 1869இல் கட்டிய கேவனா பாலம் தாழ்வானது. கடல் ஏறி நிற்கும்போது படகு அடியில் நுழையாது. கடல் வற்றினால் உள்ளே சேற்றில் தட்டும். ஆக, ஓதம் பாதி ஏறியிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நூற்றுக்கணக்கான படகுகளும் முண்டியடிக்க வேண்டும். பாரமும் தாங்கவில்லை, 1910இல் ஆண்டர்சன் பாலம் வந்தது. கேவனா பாலத்தில் 3 ஹண்ட்ரட்வெயிட்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் ஆடுமாடு குதிரைகளுக்கும் தடை என்ற அறிவிப்புப் பலகை இன்றும் இருக்கிறது. 3 ஹண்ட்ரட்வெயிட் என்பது சுமார் 152 கிலோ.

1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவோடு நடந்த மோதலில் அந்தப் பக்கத்து வியாபாரம் முடங்கியது. அதற்குப் பின் கன்டெய்னர். ஆக, சுத்திகரிப்பு வந்தபோது தொழில் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பணியை நான் குறை சொல்ல மாட்டேன். சிங்கப்பூர் ஆறு, காலாங் இரண்டின் நீர்ப்பிடிப்பிலும் 610 பன்றிப் பண்ணைகள், ஏறத்தாழ 5,000 தெருவோர உணவுக்கடைகள், கழிவுநீர்க் குழாயே இல்லாத குடியிருப்புகள் இருந்தன. நாற்றத்தில் பெரும்பங்கு ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வந்தது. சுமார் 170 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி செலவு, இழப்பீடு தனி. 1983 செப்டம்பரில் ஏறக்குறைய 800 படகுகளை பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். ஆற்றுக்கென்று கட்டிய படகுக்குத் திறந்த கடல் அலை ஒத்துவருமா?

எனக்கு உறுத்துவது கட்டடங்களுக்கு நடந்தது. 1947 வாடகைக் கட்டுப்பாட்டால் பழைய கடைவீடுகளில் வாடகை உறைந்து கிடந்தது, சொந்தக்காரர்கள் ஓடு மாற்றக்கூட முன்வரவில்லை. 1970இல் 'கோல்டன் ஷூ' எனப்பட்ட நகர மையத்துக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். நிலம் கைமாறியது, கோபுரங்கள் எழுந்தன. செட்டித் தெரு அந்த வட்டத்துக்குள் சிக்கியது, கிட்டங்கிகள் போயின. இன்று அந்தத் தெருவில் 280 மீட்டர் உயரத்துக்கு காப்பிட்டாஸ்பிரிங் என்ற கோபுரம் நிற்கிறது. போட் கீ 1989இல் பாதுகாப்புப் பகுதியானது, கடைவீடுகளின் முகப்பும் அஞ்சடி நடைபாதையும் தப்பின. சரக்கு இருந்த வீட்டைக் காப்பாற்றியவர்கள், அதற்குப் பணம் கொடுத்த கூடத்தில் ஒன்றையாவது விட்டு வைத்திருக்கலாம். ஒரே ஒரு கூடம், பத்துப் பெட்டிகளோடு. இடம் விலை அதிகம் என்ற பதில் தெரியும். அந்த இடத்தை விலை அதிகமாக்கியதே அந்தப் பெட்டிகள்தானே?

அந்தப் பக்கம் போகிறவர்கள் தெலுக் ஆயர் ஸ்ட்ரீட் நாகூர் தர்காவிலிருந்து தொடங்குங்கள். 1830 வாக்கில் கட்டி முடித்தபோது அதன் எதிரே கடல். 1879க்கும் 1887க்கும் இடையில் தூர்த்தார்கள். அங்கிருந்து மார்க்கெட் ஸ்ட்ரீட், சூலியா ஸ்ட்ரீட், பிறகு போட் கீ. ஆற்றோரப் படிக்கட்டில் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 2008இல் மரினா அணை வந்த பிறகு இது நன்னீர் ஏரியாகிவிட்டது, ஓதம் உள்ளே வருவதில்லை. ஆறு மணி நேரம் கழித்து வந்து பார்த்தாலும் ஏறக்குறைய அதே படிதான்.