தேடத் தெரியாதவர்கள்

ஞாயிற்றுக்கிழமை மேடையில் நடந்ததைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. காணொளிதான் எல்லோர் கையிலும் சுற்றுகிறதே. "இணையம் வந்த பிறகும் கும்பிடுகிறவர்களுக்கு இன்னும் தேடத் தெரியவில்லை" என்றார் பேச்சாளர். அரங்கமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் நானும் இருந்தேன்.

தேடத் தெரியாததால்தான் நம்புகிறோமாம். நல்லது.

எனக்குத் தெரிந்தவரை, தகவல் பெருகினால் முதலில் ஆட்டம் காண்பது கடவுளுக்கும் நமக்கும் இடையில் நிற்பவரின் அதிகாரம். 1450களில், ஐரோப்பாவில் அச்சுக்கலையைத் தொடங்கிவைத்த குட்டன்பர்க் அச்சிட்ட பெரிய நூலே பைபிள்தான். 1522இல், திருச்சபையை எதிர்த்த துறவி லூதர் ஜெர்மனில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு வெளிவந்ததும் ஜனங்கள் தாங்களே படித்தார்கள். படித்துவிட்டுக் கடவுளையா விட்டார்கள்? குருமாரோடு சண்டை போட்டார்கள், பிறகு தங்களுக்குள்ளும் போட்டுக்கொண்டார்கள். ரோமில் இருந்த கத்தோலிக்கத் தலைமை 1559இல் தடை நூல் பட்டியல் வெளியிட்டு, 1966 வரை அதைக் கைவிடவில்லை. பயந்தது யார் என்று பாருங்கள். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதிய ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. பாவம், அவருக்கும் தேடத் தெரியவில்லை போலிருக்கிறது.

உடனே அமெரிக்கக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். மதம் எதுவும் இல்லை என்பவர்கள் 2007இல் 16 சதவீதம், 2021இல் 29 சதவீதம். பியூ ஆய்வு மையம் சொன்னது, நானும் படித்தேன். அந்த 29 பேரும் கைபேசியைப் பார்த்துத்தான் மாறினார்களா? அவர்களில் பெரும்பாலோர் கடவுளையோ ஏதோ ஒரு மேலான சக்தியையோ நம்புவதாகவும் அதே மையம்தான் சொல்கிறது. அந்த வரியை மட்டும் யாரும் பகிர்வதில்லை. குருமார் சிலரின் குற்றங்கள் மூடி மறைக்கப்பட்டதை 2002இல் பாஸ்டன் குளோப் நாளிதழ் வெளிக்கொண்டு வந்த பிறகு பலர் திருச்சபையை விட்டு விலகினார்கள். உண்மைதான், விலகத்தான் வேண்டும். ஆனால் அங்கே செத்தது மனிதர்கள் மீதிருந்த நம்பிக்கை.

"இணையம் மூடநம்பிக்கையையும் வளர்க்கிறதே?" வளர்க்கிறது. அதற்குப் பதில் சொல்லும் மனநிலையில் இன்று நான் இல்லை.

என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். கடைசி வருடம் அவருக்கு ஒரு கைபேசி வாங்கிக் கொடுத்தேன், பெரிய எழுத்து வைத்து. அட்டை போய் நூல் கட்டியிருந்த பிரார்த்தனைப் புத்தகத்துக்குப் பதிலாக இருக்கட்டும் என்று ஒரு செயலியும் போட்டுக் கொடுத்தேன். இரண்டே நாளில் "இதில் நான்காவது வரியை விட்டுவிட்டார்கள்" என்று குறை கண்டுபிடித்துவிட்டார். சரிபார்த்தேன், விட்டுத்தான் இருந்தார்கள்.

நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவரிடமிருந்து மறைக்க நாங்கள் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்போம். அவரோ எல்லாவற்றையும் எங்களுக்கு முன்பே படித்திருந்தார். எத்தனை பேர் ஐந்து வருடம் தாண்டுவார்கள் என்ற கணக்கு உட்பட. "தெரியும், விடு" என்றார் ஒருநாள். அன்றும் கும்பிட்டார். குணமாக வேண்டும் என்றல்ல, நான் இரவில் தூங்க வேண்டும் என்று.

அவர் போன பிறகு அந்தக் கைபேசியைத் திறந்தேன். தேடல் பட்டியலில் நோயின் பெயர் பதினோரு முறை. நடுவே, செயலி விட்டுவிட்ட அந்த நான்காவது வரி.

இவருக்குத் தேடத் தெரியவில்லை என்று சிரித்தவர்கள் என் நட்புப் பட்டியலிலும் இருக்கிறீர்கள். வாதம் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் காணொளியை மட்டும் இனி எனக்கு அனுப்பாதீர்கள்.