ஜோக் சொன்னாலே ஜெயிலா?

"மாற்றுத்திறனாளிகளைப் பற்றி ஜோக் சொன்னாலே ஐந்து வருடம் ஜெயில், உச்ச நீதிமன்றமே தடை போட்டுவிட்டது" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பாதியை மட்டும் படித்திருக்கிறார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 92ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை இருப்பது உண்மைதான். ஆனால் அது, பலர் பார்க்கும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பவருக்கு. வாய் தவறியவருக்கு அல்ல. 2024 ஜூலையில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒரு இந்திப் படம் பற்றிய வழக்கில் வந்தது. அதில் நகைச்சுவைக்குத் தடை எதுவும் இல்லை. ஊனத்தை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு, ஊனத்தோடு வாழ்வதைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது.

இந்த வித்தியாசம் எங்கள் பென்னாகரத்தில் யாருக்கும் புதிதல்ல. போலியோவில் கால் சூம்பிய என் சித்தப்பா, "ஒரு செருப்புத்தான் தேய்கிறது, பாதி விலைக்குக் கொடுப்பாயா?" என்று கேட்டால் கடையே சிரிக்கும். அதே மனிதர், தருமபுரி பேருந்து நிலையத்தில் ஒரு பையன் பின்னாலேயே வந்து அவர் நடையை நடித்துக் காட்டி நண்பர்களைச் சிரிக்கவைத்தபோது, ஊர் வந்து இறங்கும்வரை வாய் திறக்கவில்லை. டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டித் துகளாக்கிவிட்டார்.

அவன்மீது அவர் வழக்கும் போடவில்லை, அண்ணா.