கால் போனால் வேலையும் போக வேண்டுமா?

விபத்தில் கால் இழந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "செயற்கைக் கால் எப்போ வைப்பாங்க?" என்றுதான். அதை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். வேலை கொடுப்பவர்களும் அப்படித்தான். எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக் கால் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான பாடு தொடங்குகிறது.

முதல் வருடத்தில் ஸ்டம்ப், அதாவது வெட்டியது போக மிஞ்சியிருக்கும் கால் பகுதி, சுருங்கிக்கொண்டே இருக்கும். வீக்கம் வடியும், தசை மெலியும். கச்சிதமாக இருந்த சாக்கெட், அதாவது செயற்கைக் காலில் ஸ்டம்ப் நுழையும் கிண்ணம், லொடலொடக்கும். ஸ்டம்ப் மேல் கூடுதலாகத் துணி உறை மாட்டிச் சமாளிப்போம். அதுவும் போதாவிட்டால் புது சாக்கெட்தான். நடுவில் தோல் உரிந்து புண்ணானால், ஆறும்வரை காலைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோல். நல்லபடியாகப் போகிற சிகிச்சையிலேயே இதெல்லாம் நடக்கும். ஆனால் "இவரால் இனி முடியாது" என்று நிர்வாகம் முடிவெடுப்பது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். எனக்குத் தாங்கவே முடியாத விஷயம் இது.

முழங்காலுக்கு மேலே இழந்தவர்களுக்கு இன்னும் கடினம். அதே தூரத்தை நடக்க எங்களைவிட அதிகச் சக்தி செலவாகும். சாயங்காலம் அவர் சோர்ந்து தெரிந்தால் அது சோம்பல் இல்லை. அப்புறம், இல்லாத பாதம் வலிக்கும். நடிப்பு என்று நினைக்கிறவர்கள் உண்டு. நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்திய பெட்டி வைத்து ஆராய்ந்தது இந்த வகை வலியைத்தான்.

மெஷினில் பல வருடம் நின்ற ஒருவரை வரவேற்பறையில் உட்கார வைத்து, சம்பளத்தையும் குறைத்துவிட்டு, "நாங்க பார்த்துக்கிட்டோம்" என்பது உதவி ஆகாது. அவருடைய தொழில் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. நின்றுதான் செய்ய வேண்டும் என்று நினைக்கிற எத்தனையோ வேலைகளை உயரமான இருக்கையில் சாய்ந்தபடி செய்யலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்து ஐ.நா. 2006இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 27ஆவது பிரிவு, வேலையில் இருக்கும்போது ஊனமடைந்தவர்களின் வேலை உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. நியாயமான வசதியை மறுப்பது பாகுபாடு என்றும் அந்த உடன்படிக்கை சொல்கிறது. சலுகையாக யாரும் கேட்கவில்லை.

உங்கள் இடத்தில் இப்படி ஒருவர் இருந்தால், ராஜினாமாக் கடிதம் வாங்குவதற்கு முன் அவரை வேலை நடக்கும் இடத்துக்கே கூட்டிப்போய், எங்கே சிரமம் என்று அவரிடமே கேளுங்கள். செயற்கைக் கால் பொருத்துபவரையும் வரச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், தரை எப்படி, படி எத்தனை என்று தெரிந்தால் பாதத்தையே அதற்கேற்றபடி அவர் தேர்ந்தெடுப்பார்.