டம்ப் ஸ்டேஷனில் குடித்தனம் நடத்துகிறவர்களே!

வண்டியின் கழிவு டேங்கை டம்ப் ஸ்டேஷன் குழியில் கொட்டுவது ஏழு நிமிட வேலை. மெதுவாகச் செய்தால் பத்து. இன்று காலை எங்களுக்கு முன்னால் நின்ற மனிதர் அதற்கு 48 நிமிடம் எடுத்துக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். இப்போது இரவாகிவிட்டது, பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆர்.வி., அதாவது படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி, எடுத்துக்கொண்டு ஒரு வாரமாவது சுற்றியவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை. 11 மணிக்குள் எல்லாரும் கேம்ப்பைக் காலி செய்ய வேண்டும். கழிவைக் கொட்ட ஒரே ஒரு குழி. அமெரிக்காவில் கிராண்ட் டீட்டன் மலைப் பூங்கா பக்கத்தில் ஒரு கேம்ப், பெயர் வேண்டாம், அவர்கள்மேல் தப்பில்லை. எங்களுக்கு முன்னால் அவர் ஒருவர்தான். பின்னால் ஆறு வண்டிகள். 8:40-க்கு வரிசையில் நின்றபோது, ஒன்பதுக்கெல்லாம் கிளம்பிவிடுவோம், 11 மணி சுமாருக்கு யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்கிற, வெந்நீர் பீய்ச்சியடிக்கிற ஊற்றின் முன்னால் அம்மாவை உட்கார வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவருடையது 40 அடி வண்டி, பின்னால் ஒரு ஜீப் வேறு இழுத்துக்கொண்டு. வண்டியைக் குழிக்கு நேராக நிறுத்தினார். நிறுத்தியது கொஞ்சம் தள்ளிப்போனது. முன்னால் எடுத்தார், பின்னால் எடுக்க முடியவில்லை, ஜீப் மடங்குகிறது. இறங்கி ஜீப்பைக் கழற்றினார். சரி, இது யாருக்கும் நடக்கும். நாங்கள் பொறுமையாகத்தான் இருந்தோம். அப்புறம் ஒரு சோம்பல் முறித்தார். மலையைப் பார்த்தார். மனைவி நாயோடு இறங்கினார். இரண்டு பேரும் சேர்ந்து மலையைப் பார்த்தார்கள். டீட்டன் மலை அழகுதான், நானும் மூன்று நாளாகப் பார்த்தேன். ஆனால் அதைப் பார்க்க அந்தக் குழியின் மேல்தான் நிற்க வேண்டுமா?

கையுறையைத் தேட ஆறு நிமிடம். வண்டியின் பக்கவாட்டில் இருக்கிற ஒவ்வொரு பெட்டிக்கதவையும் திறந்து, எட்டிப் பார்த்து, மூடினார். வரிசையில் நிற்கும்போதே கையுறையை மாட்டிக்கொண்டு தயாராக இருக்கக் கூடாதா? நான் மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கை வேர்த்து ஊறிவிட்டது.

ஹோஸை மாட்டினார். முறைப்படி முதலில் திறக்க வேண்டியது பிளாக் டேங்க், கழிப்பறைக் கழிவு. அது வடிந்த பிறகு கிரே டேங்க், பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர். சோப்புத் தண்ணீர் பின்னால் வந்தால் ஹோஸ் தானாகவே கழுவிக்கொள்ளும். அதற்காகத்தான் அந்த முறை. இவர் கிரே டேங்கை முதலில் திறந்தார். அது காலியானதும் பிளாக். அப்புறம் ஹோஸ் அசிங்கமாக இருக்கிறது என்று பிளாக் டேங்கில் தண்ணீர் நிரப்பினார். கொட்டினார். மறுபடி நிரப்பினார். மறுபடி கொட்டினார். நடுவில் மனைவி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கையில் கழிவு ஹோஸ், மறு கையில் காபிக் கோப்பை. என் பிள்ளைகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்க்கிறார்கள்.

புதியவர், தெரியாமல் செய்கிறார் என்று யாராவது பரிந்து பேச வந்தால், வர வேண்டாம். அவர் வண்டிக் கதவில் அமெரிக்க வரைபடம் ஒட்டியிருந்தது. போன மாநிலத்துக்கெல்லாம் ஒரு ஸ்டிக்கர். பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. அத்தனை மாநிலத்திலும் அத்தனை வரிசையை இப்படித்தான் நிற்க வைத்திருக்கிறார் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கொட்டி முடித்தாரா? முடித்தார். ஹோஸை உருவி வைத்தாரா? வைத்தார். வண்டியை எடுத்தாரா? இல்லை. கால்மிதிகளை வெளியே எடுத்து உதறினார். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சிகளை ஏணி போட்டு ஏறித் துடைத்தார். சைக்கிள் சக்கரத்தைக் கழுவினார். அதற்குப் பிறகு ஜீப்பை அங்கேயே, குழிக்கு முன்னாலேயே, திரும்ப மாட்ட ஆரம்பித்தார். 20 அடி முன்னால் தள்ளிப் போனால் அகலமான இடம் காலியாகக் கிடக்கிறது. பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்து, ஹாரன் அடித்தவரைத் தப்பு செய்தவர்போல முறைத்தார்.

என் அம்மாவுக்கு 71 வயது. கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார். அதுவரை மூக்கில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர், "எங்க தெருக் குழாயடியில ஒருத்தி இப்படி நின்னிருந்தா, குடத்தாலயே ரெண்டு போட்டிருப்பாங்க" என்றார். உண்மைதானே? குழாயடியில் சண்டை இருந்தது, ஆனால் சட்டமும் இருந்தது. உன் குடம் நிரம்பியதும் நகரு. துணி துவைப்பதை வீட்டில் வைத்துக்கொள். பின்னால் நிற்கிறவள் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். இதை யாரும் பலகையில் எழுதி மாட்டவில்லை. அத்தனை பேருக்கும் தெரியும்.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். 48 நிமிடத்தையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் கடைசியாகச் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

டம்ப் ஸ்டேஷனில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்று குழி பக்கத்தில், கழுவி விடுவதற்கு, அதைக் குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். இன்னொன்று கொஞ்சம் தள்ளி, குடிநீர். அதிலிருந்துதான் எல்லாரும் வண்டியில் நல்ல தண்ணீர் நிரப்புவோம். அந்த மனிதர், உள்ளே வைத்த கழிவு ஹோஸைத் திரும்ப எடுத்து வந்து, அதன் வாயைக் குடிநீர்க் குழாயில் செருகி, திறந்துவிட்டுக் கழுவினார். குழாயின் மூக்கு முழுக்க அந்த ஹோஸுக்குள்ளே. அதைத்தான் அடுத்த வண்டிக்காரர் தன் தண்ணீர் ஹோஸில் மாட்டப் போகிறார். அந்தத் தண்ணீரில்தான் என் இரண்டு பிள்ளைகளும் பல் தேய்க்கப் போகிறார்கள், அம்மா மாத்திரை போடப் போகிறார்.

இறங்கிப் போய்விட்டேன். "அது குடிநீர்க் குழாய்" என்றேன். "தண்ணீர் தண்ணீர்தானே" என்றார். கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கழிவில் என்னென்ன கிருமி இருக்கும், எத்தனை பேர் வயிறு கெடும் என்று சொல்ல ஆரம்பித்தேன், அவர் ஹோஸைச் சுருட்டிக்கொண்டு ஏறிவிட்டார். நான் உள்ளே போய் பிளீச்சை எடுத்து வந்து அந்தக் குழாயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ரொம்ப நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டேன். பின்னால் நின்றவர்களிடம் ஒவ்வொரு வண்டியாகப் போய்ச் சொன்னேன், அலுவலகத்திலும் சொன்னேன். அவ்வளவு கழுவியும் எங்கள் டேங்கில் அந்தத் தண்ணீரை நிரப்ப மனம் வரவில்லை. இருந்த கால் டேங்க் நல்ல தண்ணீரோடு கிளம்பினோம்.

அவர் வண்டி நகர்ந்தபோது அம்மா ஜன்னலைத் திறந்து, "ஏன்யா, உனக்குப் பின்னால மனுஷங்க நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டார். அந்த மனிதர் கையை உயர்த்தி ஆட்டி, "ஹேவ் எ கிரேட் டே, மேம்!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யெல்லோஸ்டோன் பூங்காவின் தெற்கு வாசலிலிருந்து ஓல்ட் ஃபெய்த்ஃபுல் 63 கிலோமீட்டர். 72 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, மலைப்பாதையில் எங்கள் வண்டி அதுவும் போகாது. வழியில் ஐசா ஏரி. ஒரே ஏரித் தண்ணீர் ஒரு பக்கம் அட்லாண்டிக் பக்கமும் மறுபக்கம் பசிபிக் பக்கமும் வடிகிற இடம். அம்மாவிடம் இறக்கிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். நிற்காமல் ஓட்டினேன். அப்படியும் போய்ச் சேர்ந்தபோது மணி 12:15. இந்த வண்டி நுழைகிற அளவுக்கு ஓர் இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மரங்களுக்கு மேலே வெள்ளையாக ஆவி எழுந்தது. "அதுதானா?" என்றார் அம்மா. அதுதான். அடுத்தது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்து. முழங்கால் வலியோடு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்து பார்த்தார். தண்ணீர் எழும்பியதும் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த முகத்தைப் பார்த்தது ஒன்றுதான் எனக்கு இன்று கிடைத்த நல்லது.

அதற்கப்புறம் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் என்கிற வெந்நீர்க் குளம். 110 மீட்டர் அகலத்தில் நடுவில் நீலம், ஓரத்தில் ஆரஞ்சு. இந்தப் பயணத்துக்கு வருகிறேன் என்று அம்மா ஒப்புக்கொண்டதே அந்தப் படத்தைப் பார்த்துத்தான். வாகனம் நிறுத்துமிடம் நிரம்பி, கார்கள் சாலைவரை வரிசை கட்டி நின்றன. எங்கள் நீளத்துக்கு இடமே இல்லை. மூன்று முறை போய்த் திரும்பினேன். "விடும்மா, அதான் போட்டோவுல பார்த்தாச்சே" என்றார் அம்மா. அடுத்த வாரம் சென்னைக்கு விமானம். அவர் இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வருவாரா, எனக்குத் தெரியாது. 48 நிமிடம்.

நாங்கள் கொட்ட எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்ல மறந்துவிட்டேன். குழாய் கழுவியது தனி. ஹோஸ் மாட்டி, பிளாக், கிரே, அலசி, மூடி போட்டு, சரியாக ஆறு நிமிடம். பின்னால் நின்ற வண்டிக்காரர் கட்டைவிரலைக் காட்டினார். கை கழுவிவிட்டு, பிளாக் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க உள்ளே அந்தப் பட்டனை அழுத்தினேன்.

மூன்றில் இரண்டு பங்கு என்று விளக்கு எரிகிறது. காலி டேங்க்! என் கண்ணால் வடிவதைப் பார்த்தேன்! உள்ளே சென்சாரில் காகிதம் ஒட்டிக்கொண்டால் அது பாட்டுக்கு எரியுமாம். வண்டி எடுத்த நாள் முதல், 12 நாளாக, இதே மூன்றில் இரண்டு. நிஜமாகவே நிரம்பினாலும் இதைத்தான் சொல்லும். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அம்மாவுக்கும் வந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஆனால் இப்போது கேட்கிறேன், நிலவுக்கு ஆள் அனுப்பிய நாட்டில் ஒரு கக்கூஸ் டேங்க் நிரம்பியதா இல்லையா என்று சரியாகச் சொல்கிற ஒரு விளக்கை ஏன் இன்னும் எல்லா வண்டியிலும் போட முடியவில்லை?