சாக்கோ: கிணறுகளுக்காக நடந்த போர்

1932 முதல் 1935 வரை தென் அமெரிக்காவில் பொலிவியாவும் பராகுவேயும் மோதிக்கொண்ட சாக்கோ போரை 'எண்ணெய்ப் போர்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எண்ணெய் கிடைக்கும் என்ற ஆசை இருந்தது உண்மை. ஆனால் களத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது தண்ணீர். அதைச் சொல்லாமல் விடுவது அங்கே நா வறண்டு செத்தவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

இரு நாடுகளும் உரிமை கொண்டாடிய வட சாக்கோ தட்டையான முட்காடு. மழை பெய்தால் களிமண் தண்ணீரை உள்ளே விடாது, எங்கும் சேறு. மற்ற மாதங்களில் புழுதி, 40 டிகிரியைத் தாண்டும் வெயில். தோண்டினாலும் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். வரைபடத்தில் 'கோட்டை' என்று போட்டிருப்பதில் பாதி, ஒரு குட்டையைச் சுற்றி எழுந்த குடிசைகளும் பதுங்குகுழிகளும்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் என்றால் 10,000 பேருக்கு 50,000 லிட்டர். ஒன்றரை டன் லாரியில், பீப்பாய் எடை போக, 1,200 லிட்டர் ஏற்றலாம். 40 நடைக்கு மேல் ஆகிறது. மணலில் முதல் கியரிலேயே ஊர்ந்தால் ரேடியேட்டர் கொதிக்கும், அதற்கும் இதே தண்ணீர்தான். பிறகு தோட்டாவும் ரொட்டியும் எதில் போகும்?

பராகுவேக்கு இங்கேதான் கை ஓங்கியது. ஆற்றங்கரையிலிருக்கும் புவேர்த்தோ கசாதோவிலிருந்து 145 கி.மீ. குறுகிய ரயில் பாதை காட்டுக்குள் போனது. பொலிவிய வீரர்களோ மலைநாட்டிலிருந்து அர்ஜென்டினா எல்லையிலுள்ள வில்லாசோன் வரை ரயிலில் வந்து, அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான கி.மீ. லாரியிலும் கால்நடையாகவும் வந்தார்கள். குளிர்ந்த பீடபூமியில் வளர்ந்த அய்மாரா, கெச்சுவா பழங்குடி விவசாயிகள் அவர்கள். அவர்களை இந்த அடுப்புக்குள் இறக்கிய தளபதிகளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு, பலர் கண்டுகொள்ளாதது. ரஷ்யாவிலிருந்து வந்து பராகுவேயில் குடியேறிய ஜெனரல் பெலாயெவ், 1920களிலேயே அங்குள்ள பழங்குடிகளோடு சாக்கோவுக்குள் நடந்து நீர்நிலைகளைக் குறித்து வைத்தார். 1931இல் பிட்டியந்துட்டா ஏரியை அவருக்குக் காட்டியதும் அவர்களே. அடுத்த ஆண்டு போர் மூண்டதே அந்த ஏரிக்கரையில்தான். மக்கள்தொகையில் மூன்று மடங்கு பெரிய பொலிவியாவிடம் அப்படி ஒரு வரைபடம் இருந்திருந்தால் கதை வேறு.

1934 டிசம்பர் தொடக்கம். பராகுவேயின் அறுபது வயது கர்னல் யூகேனியோ கராய் தன் ஆட்களோடு காட்டுக்குள் வழி வெட்டிக்கொண்டு நடந்தார். அவர்களுக்கே தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. டிசம்பர் 8 அன்று எதிரியின் முதுகுப்புறம் இருந்த யிரெண்டாகுவே கிணறுகளைப் பிடித்தார்கள். முன்னே நின்ற பொலிவியப் படைக்கு வேறு கிணறு கிடையாது. துப்பாக்கியை எறிந்துவிட்டு ஓடினார்கள், சிறுநீரைக் குடித்தார்கள், பாதையோரப் புதர் நிழலில் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கிடந்தார்கள். பலர் உடம்பில் ஒரு குண்டுக்காயம்கூட இல்லை.