உறைபனி மாதத்தில் சாரணர் முகாம்: மாலை நான்கு மணிக்குள் முடிய வேண்டிய வேலை

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடும் நாட்களும், நீலகிரியில் உறைபனி இறங்கும் நாட்களும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. சமவெளிப் பள்ளிகளின் சாரணர், சாரணியர் மலையேறி முகாம் போடுவது அதனால் பெரும்பாலும் கடுங்குளிரில்தான் அமைகிறது. ஒவ்வொரு ஆண்டும் இதையொட்டி இரண்டு பேச்சுகள் கிளம்பும். "பிள்ளைங்களுக்கு நெஞ்சுல சளி கட்டிக்கும், வேண்டவே வேண்டாம்" என்பது ஒன்று. "ரெண்டு ராத்திரி நடுங்கினா தானா பழகிடும், அதுக்குத்தானே கூட்டிட்டுப் போறோம்" என்பது இன்னொன்று.

முதல் பேச்சு பிள்ளைகளுக்கு ஒரு நல்ல அனுபவத்தை இல்லாமல் ஆக்குகிறது. இரண்டாவது ஆபத்தானது. பத்து வயதுப் பிள்ளையின் உடல் ஓர் இரவில் குளிருக்குப் பழகாது. எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைகளின் தோல்பரப்பு பெரியவர்களைவிட அதிகம்; உடல் சூடு வேகமாக வெளியேறும். ஒரு பிள்ளை இரவெல்லாம் நடுங்கினால் அதற்குக் காரணம் அந்தப் பிள்ளையின் மனவுறுதி குறைந்தது அல்ல. கூட்டிப்போன பெரியவர்கள் ஏதோ ஒரு வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அந்த வேலையில் முக்கால்வாசி மாலை நான்கு மணிக்குள் முடிந்திருக்க வேண்டியது. இருட்டிய பிறகு செய்யக்கூடியது மிகக் குறைவு.

சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் சோதனை முகாம் 1907 ஆகஸ்டில் நடந்தது. அங்கே அது கோடைக்காலம். திறந்த வெளியில் உறக்கம், விடியலில் உடற்பயிற்சி என்று வழிவழியாக வரும் முகாம் ஒழுங்கு அந்தப் பருவத்துக்குப் பொருந்தியது. ஜனவரி மாத ஊட்டியில் அதே கால அட்டவணையை அப்படியே வைத்து மணி அடிப்பதுதான் முதல் கோளாறு.

பயணத்திலிருந்தே தொடங்குவோம். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி வழியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மேட்டுப்பாளையம், குன்னூர் வழி அவ்வளவு மோசமில்லை என்றாலும், பேருந்தில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். வயிறு காலியாகி, தண்ணீரும் குடிக்காமல், மாலை ஐந்து மணிக்கு இறங்கும் பிள்ளைக்கு முதல் இரவுதான் மிகக் கொடுமையான இரவு. சூடு உண்டாக்க உடம்பில் எரிபொருள் வேண்டுமே! அதனால் விடியற்காலையிலேயே கிளம்பி, நடுப்பகலுக்குள் முகாம் இடத்தை அடைவது நல்லது. மலை ஏறுவதற்கு முன் இரண்டு இட்லி போதும். சேர்ந்ததும் சூடான சோறும் ரசமும் கொடுத்துவிட்டுப் பிறகு டென்ட் வேலையைத் தொடங்கலாம். வாகனத்துக்கான இ-பாஸை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். சோதனைச் சாவடியில் போகும் ஒரு மணி நேரம் டென்ட் அடிக்க வேண்டிய வெளிச்சத்திலிருந்து போகிறது.

இடத்தைத் தேர்வதில் பலரும் தவறுகிறார்கள். சமமான புல்தரை, பக்கத்தில் ஓடை, பார்க்க அழகு; அங்கேயே டென்ட் அடிக்கத் தோன்றும். ஆனால் மேகமில்லாத, காற்றசையாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனமாகி, பள்ளத்தை நோக்கி வழிந்து அங்கே தேங்கும். ஊட்டியின் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று உறைபனிப் படங்கள் எல்லாம் தாழ்வான திறந்த வெளிகளிலிருந்தே வருவதற்கு இதுதான் காரணம். பள்ளத்தின் அடியை விட்டுச் சரிவில் கொஞ்சம் மேலே, காலை வெயில் முதலில் விழும் கிழக்குப் பார்த்த இடமாகப் பாருங்கள். மரங்களுக்கு அருகில் உறைபனி குறைவாக இருக்கும். ஆனால் கற்பூர மரத்துக்கு நேர் கீழே வேண்டாம். காற்றே இல்லாத நேரத்திலும் அதன் கிளை முறிந்து விழும். செய்தித்தாளில் "ஊட்டியில் 3 டிகிரி" என்று பார்த்தால், அது தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் நிழல் கூண்டுக்குள் எடுத்த அளவு. பிள்ளைகள் படுக்கும் புல்மட்டத்தில் அதே இரவு பூச்சியத்துக்கும் கீழே போயிருக்கலாம்.

உறைபனியைவிட நான் அஞ்சுவது மழைத்தூறலோடு வரும் 10 டிகிரிக் குளிரை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் விடாது. உலர்ந்த 1 டிகிரியில் நன்றாக உடுத்திய பிள்ளை ஓடி விளையாடும். நனைந்த பனியனோடு காற்றில் நிற்கும் பிள்ளைக்கு 10 டிகிரியிலேயே உடல் வெப்பம் இறங்கத் தொடங்கிவிடும். தொடர் மழை என்று வானிலை அறிவிப்பு வந்தால் டென்ட்டைக் கைவிட்டு, பள்ளிக்கூட அறையிலோ சமுதாயக் கூடத்திலோ படுக்க ஏற்பாடு செய்யுங்கள். அந்தக் கூடத்தை முதலிலேயே பேசி வைத்திருக்க வேண்டும், நள்ளிரவில் தேடக் கூடாது. குருளையர், நீலப் பறவையர் எனப்படும் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளை உறைபனி நாட்களில் டென்ட்டில் படுக்க வைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பகலெல்லாம் வெளியில் இருக்கட்டும், இரவில் கூரையின் கீழ் தூங்கட்டும்.

இனி படுக்கை. மேலே எத்தனை கம்பளி போர்த்துகிறோம் என்பதில்தான் எல்லாருடைய கவனமும் இருக்கிறது. சூட்டைத் தின்பது தரை. உடம்பின் எடையில் கீழே இருக்கும் துணி நசுங்கி, அதிலுள்ள காற்று போய்விடுகிறது. பிறகு அது இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். ஒரு பிள்ளைக்கு இரண்டு கம்பளி இருந்தால் ஒன்று கீழே போக வேண்டும். அடியிலிருந்து வரிசை இது: மளிகைக் கடையில் கிடைக்கும் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து மூன்றடுக்கு, அல்லது அமுக்கினாலும் பத்து சென்டிமீட்டர் நிற்கும் அளவுக்கு வைக்கோல், அதன் மேல் தார்ப்பாய், அதன் மேல் டென்ட், உள்ளே 10 மில்லிமீட்டர் ஃபோம் மேட், மடித்த கம்பளி, பிறகு ஸ்லீப்பிங் பேக். 6 மில்லிமீட்டர் யோகா மேட் மட்டும்தான் இருக்கிறது என்றால் இரண்டாக அடுக்குங்கள். காற்றடைத்த மெத்தை கூடாது. உள்ளே இருக்கும் காற்று சுழன்று தரைக் குளிரை மேலே கொண்டுவரும். தார்ப்பாயின் விளிம்பு டென்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மழை பெய்தால் அதில் விழும் தண்ணீர் நேராக டென்ட்டின் அடிக்குப் போய்விடும்.

ஸ்லீப்பிங் பேக்கின் மேல் அச்சிட்ட வெப்பநிலையை நம்பிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அந்தச் சோதனை முறை பெரியவர்களின் உடலை வைத்து வகுக்கப்பட்டது, குழந்தைகளுக்கு அது பொருந்தாது. தாங்கும் எல்லை என்று ஒன்றும், சுகமாகத் தூங்கும் அளவு என்று ஒன்றும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். இரண்டாவதைப் பாருங்கள்; எதிர்பார்க்கும் குளிரைவிட 5 டிகிரியாவது கீழே இருப்பதை எடுங்கள். பெரியவர் அளவுப் பையில் சின்னப் பிள்ளை படுத்தால் கால் பக்கம் வெற்றிடமாகக் கிடந்து குளிரும். அதைக் கயிற்றால் கட்டிவிடலாம், அல்லது மறுநாள் போட வேண்டிய துணியை அங்கே திணிக்கலாம். காலையில் அந்தத் துணியும் வெதுவெதுப்பாக இருக்கும்.

டென்ட்டுக்குள் காற்றுவழியை அடைப்பது பெரிய தவறு. நான்கு பிள்ளைகளின் மூச்சு இரவெல்லாம் ஈரமாகி உட்புறத் துணியில் படிந்து, விடியலில் கம்பளி மேல் சொட்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு திறப்புகளை விடுங்கள். கொஞ்சம் குளிரும், ஆனால் நனையாது. தலையைப் பைக்குள் இழுத்துக்கொண்டு தூங்கினாலும் இதே கதைதான். குல்லாவைப் போட்டு, முகத்தை வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

உடையில் பருத்திதான் சிக்கல். சமவெளியில் நமக்கு உயிர் காக்கும் பருத்தி பனியன், மலையில் வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் உடம்போடு ஒட்டிக் கிடக்கும். விலையுயர்ந்த தெர்மல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பள்ளி விளையாட்டு அணியின் பாலியஸ்டர் ஜெர்ஸியே உள்ளாடையாகப் போதும். அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் காற்று புகாத மழைக்கோட்டு. டென்ட் அடிக்கும்போதும் விளையாடும்போதும் ஸ்வெட்டரைக் கழற்ற வைக்க வேண்டும். வியர்த்த பிறகு கழற்றிப் பயனில்லை. இறுக்கமான கேன்வாஸ் ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் ஜில்லிடும். தூங்குவதற்கென்றே ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு முழுக்கைச் சட்டை, ஒரு பேன்ட் தனிப் பையில் இருக்கட்டும். அவற்றைப் பகலில் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. இந்த ஒரு விதியை அணித் தலைவர்கள் கடைப்பிடித்தாலே பாதி நடுக்கம் குறையும்.

சீருடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொடியேற்றத்துக்கு அரைக்கால்சட்டையோடு உறைபனிப் புல்லில் நிற்க வைப்பதில் எந்த ஒழுக்கமும் இல்லை. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்கார்ஃப் கட்டினால் அது சீருடை ஆகாதா என்ன?

சமையல். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது, பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். பெரிய குக்கரை எடுத்துப் போங்கள், அல்லது பாசிப்பருப்புக்கு மாறுங்கள். எட்டுப் பேர் கொண்ட நான்கு அணிகளுக்கு ஒரு வேளைக்கு நான்கு கிலோ அரிசி, ஒன்றேகால் கிலோ பருப்பு என்று கணக்கு வையுங்கள். குளிரில் பசி கூடும். சிறிய பியூட்டேன் குப்பி அடுப்பு விடியற்காலையில் எரியாமல் சதி செய்யும், ஏனென்றால் பூச்சியம் டிகிரியை நெருங்கும்போது பியூட்டேன் ஆவியாவதே நின்றுவிடும். குப்பியை இரவில் பெரியவர்களின் பொருட்களோடு துணியில் சுற்றி வைத்துக் காலையில் எடுங்கள். தீயில் காட்டிச் சூடாக்கவே கூடாது. பெரிய சிலிண்டரில் வேகமாக எடுக்கும்போது வெளியே பனி பூக்கும். அதைச் சாக்கால் போர்த்தினால் வெளிக்காற்றின் சூடும் அதற்குப் போகாமல் நின்றுவிடும். சும்மா விடுங்கள், அல்லது இரண்டு சிலிண்டர்களில் மாற்றி மாற்றிச் சமையுங்கள். விறகு வேண்டுமென்றால் விலைக்கு வாங்குங்கள். வனத்தில் பொறுக்கக் கூடாது. வனத்துறை அனுமதி இல்லாத இடத்தில் தீ மூட்டவும் கூடாது, உறைபனியில் கருகிய புல் பற்றிக்கொள்ளும்.

இரவுச் சாப்பாட்டில் எண்ணெயோ நெய்யோ தாராளமாக இருக்கட்டும். படுக்கும் முன் ஆளுக்கு இரண்டு கடலைமிட்டாய், ஒரு டம்ளர் சுக்குமல்லிக் காபி கொடுங்கள். பண்டம் எதுவும் டென்ட்டுக்குள் போகக் கூடாது. கரடியும் காட்டுப்பன்றியும் வாசனைக்கு வரும் ஊர் அது. குளிரில் தாகம் தெரியாது என்பதால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாரையும் வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும்.

பாசறைத் தீ எட்டரைக்குள் முடியட்டும். தீக்குப் பக்கத்தில் முகம் வேகும், முதுகு உறையும். சின்தெட்டிக் ஜாக்கெட்டில் ஒரு பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டும். முடிந்ததும் வியர்க்காத அளவுக்கு ஐந்து நிமிட நடை, பிறகு சிறுநீர், பிறகு உடை மாற்றம், பிறகு படுக்கை. சிறுநீரை அடக்கிக்கொண்டு படுக்கும் பிள்ளை, வெளியே போகப் பயந்து மூன்று மணி வரை விழித்திருக்கும். படுக்கையை நனைக்கும் பழக்கமுள்ள பிள்ளையைப் பற்றிப் பெற்றோரிடம் முன்பே தனியாகக் கேட்டு, மாற்றுத் துணியும் ஒரு கூடுதல் ஸ்லீப்பிங் பேக்கும் வைத்திருங்கள். இன்னொரு பிள்ளைக்குத் தெரியாமல் முடிய வேண்டிய காரியம் அது. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் சட்டைப் பைக்குள், உடம்போடு இருக்க வேண்டும். குளிர்ந்தால் அது சரியாகப் பீய்ச்சாது.

டென்ட்டுக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ கரி அடுப்பு வைக்கவே கூடாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கரி நெருப்பை அறையில் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்திருக்கிறார்கள். அதற்கு வாசனை கிடையாது. புகை வராத தணல்தான் அதிகம் ஏமாற்றும். நடுங்கும் பிள்ளைக்கு எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் கொடுக்கலாம். கொதித்த தண்ணீரைப் பத்து நிமிடம் ஆறவிட்டு, பெரியவர் ஊற்றி, தலைகீழாகப் பிடித்து ஒழுகவில்லை என்று பார்த்து, கம்பளிச் சாக்ஸுக்குள் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இரவில் பதினொன்று, இரண்டு, ஐந்து மணிக்கு இரண்டு பெரியவர்கள் சேர்ந்து சுற்றி வர வேண்டும். சாரணியர் பக்கம் ஆசிரியைகள். கையைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பிடரியைத் தொடுங்கள். நடுங்கும் பிள்ளை இன்னும் போராடுகிறது. நடுக்கம் நின்று, பேச்சு குழறி, பெயரைக் கேட்டால் மெதுவாகப் பதில் சொல்லி, நடையில் தடுமாறும் பிள்ளைதான் அவசரம். ஈரத்துணியைக் களைந்து, உலர்ந்த கம்பளியில் தலையோடு சுற்றி, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை அக்குளிலும் நெஞ்சோரத்திலும் வைத்து, நல்ல நினைவோடு விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுத்து, 108-ஐ அழையுங்கள். கைகாலைத் தேய்க்காதீர்கள். தீக்கு முன் உட்கார வைக்காதீர்கள். நடக்கவும் வைக்காதீர்கள்.

குளிர் உச்சத்துக்குப் போவது நள்ளிரவில் அல்ல, சூரியன் எழும் நேரத்தில். ஜனவரியில் அங்கே விடிவது ஆறரைக்கு மேல். ஐந்தரைக்கு விசில் ஊதி உடற்பயிற்சிக்கு வரிசை கட்டுவது, மிகக் குளிர்ந்த ஒரு மணி நேரத்தைத் தேடிப்பிடித்துப் பிள்ளைகளை வெளியே இழுப்பதாகும். ஏழு மணிக்குச் சூடான பானம் டென்ட் வாசலுக்கு வரட்டும், கொடியேற்றம் வெயில் வந்த பின் நடக்கட்டும். கம்பளிகளையும் ஸ்லீப்பிங் பேக்குகளையும் பத்து மணிக்குள் துணி காயப்போடும் கயிற்றில் திருப்பிப் போட்டு, மூன்று மணிக்கு, ஈரம் ஏறுவதற்கு முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். கடைசி நாளில் டென்ட்டை ஈரத்தோடு சுருட்டித்தான் ஆக வேண்டியிருக்கும். ஊர் திரும்பிய மறுநாளே பள்ளி மைதானத்தில் விரித்துக் காயப் போடுங்கள். விட்டால் பூஞ்சை பிடித்துத் துணி இற்றுப்போகும்.