பழைய பிளாக் இருக்கட்டும், பழைய கான்ராட் வேண்டாம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஆர்எக்ஸ் 100 வண்டியை வேகத்துக்காகக் கட்டுகிறவர்கள் பழைய இன்ஜின் வாங்கப் போனால், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஒவ்வொரு பாகமும் உள்ளே என்ன வேலை பார்த்தது என்று தெரியாமல் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

இடித்த வீட்டின் பர்மாத் தேக்குத் தூணை விலை கொடுத்து வாங்கி மறுபடி நிறுத்துகிற ஊர் நம்முடையது. பிஸ்டன் ஓடும் உருளையான வார்ப்பிரும்பு பிளாக்கும் ஏறத்தாழ அந்த இனம்தான். வார்க்கும்போது உள்ளே தங்கிய இறுக்கம், பல்லாயிரம் முறை சூடேறிக் குளிர்ந்ததில் ஓரளவு தணிந்திருக்கும். 1983-இல் நெல்சன் பிக்கே ஃபார்முலா 1 பட்டம் வென்ற காரின் பிஎம்டபிள்யூ டர்போ இன்ஜின், சாலைக் காரின் பிளாக்கை அடிப்படையாகக் கொண்டது. நன்றாக ஓடிய பழைய பிளாக்குகளையே அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வதுண்டு. இந்தக் கதையைச் சொல்லிப் பழைய இன்ஜினை விற்பவர்கள், அந்த பிஎம்டபிள்யூ இன்ஜினின் பிஸ்டனும், அதைக் கிராங்க் என்ற சுழல் தண்டோடு இணைக்கும் கான்ராடும் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டவை என்பதை மட்டும் சொல்வதில்லை.

ஆகவே ஒரிஜினல் பிளாக் கிடைத்தால், எத்தனை வருடமானாலும் வாங்கலாம். மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் வருடிப் பாருங்கள். பிஸ்டன் ரிங் திரும்பும் இடத்தில் படி தட்டினால் போர் போட்டாக வேண்டும், அதாவது உள்சுவரைக் கடைந்து விட்டத்தைக் கூட்ட வேண்டும். எத்தனையாவது போர் என்பதே அங்கு விலையைத் தீர்மானிக்க வேண்டும். கடைசிப் போர் வரை போனால் சிசி கூடுமே என்று மகிழ்கிறவர்கள், 50 மில்லிமீட்டர் விட்டத்தை 51 ஆக்கினால் கிடைப்பது சுமார் 4 விழுக்காடுதான் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கான்ராடின் கதை வேறு. நிமிடத்துக்கு 7500 சுற்றில் பிஸ்டன் நொடிக்கு 250 முறை நின்று திரும்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கான்ராட் இழுபட்டு, அமுங்கி, மறுபடி இழுபடுகிறது. போர்ட் வேலை செய்து, அதாவது பிளாக்கில் வாயு போய்வரும் துளைகளைச் செதுக்கி, 9000 சுற்றுக்குக் கொண்டுபோனால், வேகம் 20 விழுக்காடுதான் கூடுகிறது என்றாலும், விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறுவதால் 44 விழுக்காடு கூடிவிடும். ஏற்கெனவே களைத்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் அது அங்கேதான் விரியும். அலுமினியப் பிஸ்டனுக்கோ, இவ்வளவு விசைக்குக் கீழே எத்தனை காலம் ஓடினாலும் களைப்பில்லை என்று சொல்லத்தக்க எல்லையே கிடையாது. கான்ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது துளியும் ஆட்டம் இல்லாவிட்டால் பேரிங் தேயவில்லை என்று மட்டுமே பொருள். இரும்பின் களைப்பை அந்தச் சோதனை காட்டாது. கிராங்கின் இரு பக்கத் தட்டுகளும் நேராக இருந்தால் வைத்துக்கொண்டு, கான்ராட் கிட்டைப் புதிதாகப் போட்டு, டயல் கேஜ் என்ற நுண்ணளவுமானியில் கிராங்க் நேராகச் சுற்றுகிறதா என்று ஓட்டம் பார்த்து வாங்குவதே முறை. ஆயில் சீலைப் பற்றி விவாதமே வேண்டாம். அதில் காற்று புகுந்தால் கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறி இறுகிச் சீஸ் ஆகிவிடும்.

அசையாத பாகமெல்லாம் நல்லது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கிராங்கைத் தாங்கும் கூடான கிராங்க் கேஸில் பேரிங் உட்காரும் இடம் தளர்ந்து, அதைச் சுற்றிப் பஞ்ச் அடித்து இறுக்கியிருந்தால், வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நான் அந்த கேஸை வேக இன்ஜினுக்கு எடுக்க மாட்டேன்.